இரப்பர் விதை கொடுத்த ரிட்லி

கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டுவோர் விடியுமுன்பே நிரைக்குள் இறங்கிவிடுவர். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். கத்தி, பட்டையை மெல்லிய சீவலாக மட்டுமே எடுக்க வேண்டும். சற்று ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்பட்டுவிடும். தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட இந்த வெட்டுமுறைக்கு அடித்தளமிட்டவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி.

ரிட்லி 1855-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றபின் இலண்டன் அரும்பொருளகத்தில் தாவரவியல் பிரிவில் பணியாற்றினார். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக வந்து சேர்ந்தார். அத்தோட்டத்தைத் தமிழர்கள் பூமலை என்பர். அங்கே அவர் கண்ணில் பட்டவை, யாரும் பெரிதாகக் கவனிக்காத சில இரப்பர் மரங்கள்.

அம்மரங்கள் நெடுந்தொலைவு கடந்து வந்தவை. இரப்பரின் தாயகம் பிரேசில் நாட்டின் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். இரப்பர் விதைக்கு ஆயுள் குறைவு; சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். எனவே, 3,000-க்கும் குறைவான விதைகளே முளைத்தன. பெரும்பாலான கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில பேராக்கிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. நம் நாட்டு இரப்பர்த் தொழில் அந்தச் சிறு கூட்டத்திலிருந்து கிளைத்ததே.

பிரேசில் காடுகளில் அக்காலத்தில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது சிதைந்தால் பட்டை சீராக வளராது. ரிட்லி பல ஆண்டுகள் பொறுமையாகச் சோதனை செய்தார். அப்படலத்தைத் தொடாமல் பட்டையைச் சீவினால் மரம் நலமாக இருக்கும் என்றும், வெட்டிய இடத்தையே மீண்டும் மீண்டும் சீவினால் பால் கூடுதலாக வடியும் என்றும் கண்டறிந்தார். நடுவில் ஒரு கோடும் இருபுறமும் சாய்வான வெட்டுகளுமாக, மீன்முள் வடிவில் பால் வெட்டும் முறையை 1890-களில் உருவாக்கினார்.

ஆனால், விவசாயிகள் அவரை நம்பவில்லை. அன்று பலருடைய நம்பிக்கை காப்பியின் மீதே இருந்தது. பலன் தரப் பல ஆண்டுகள் எடுக்கும் மரத்தில் யார் பணம் போடுவார்? ரிட்லியோ சட்டைப்பையில் விதைகளைப் போட்டுக்கொண்டு, பார்ப்பவரிடமெல்லாம் நட்டுப் பாருங்கள் என்று நீட்டினார். கிறுக்கர் என்ற பட்டப்பெயர்தான் அவருக்குக் கிடைத்தது. கடைசியில் 1896-இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் துணிந்து நட்டார். காப்பி விலை சரிந்து, மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட்டதும், சிரித்தவர்களே விதை கேட்டு வந்தனர்.

இரப்பர் வடக்கே கெடா வரை பரவியது. காடழித்து நட்டு, பால் வெட்டிய கைகளுள் பெரும் பங்கு தமிழருடையவை. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு ஊர்களிலிருந்து வந்த அவர்களுள் பலர் மலேரியாவுக்குப் பலியாயினர். தாவரவியல் நூல்கள் ரிட்லியைப் பாராட்டும் அளவுக்கு அவர்களை நினைப்பதில்லை. விதை தந்த பிரேசிலின் நிலையும் நன்றாக இல்லை. ஆசியத் தோட்டங்களின் மலிவான இரப்பர் சந்தைக்கு வந்ததும், அந்நாட்டின் இரப்பர் வணிகம் வீழ்ந்தது.

ரிட்லி 1912-இல் தாயகம் திரும்பினார். மலாயாத் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதி வெளியிட்டார். நூறு வயதைக் கடந்து, 1956 அக்டோபரில் காலமானார்.

அதற்குள் வேறோர் அச்சம் எழுந்திருந்தது. தென் அமெரிக்காவில் ஒருவகைப் பூஞ்சை இரப்பர் இலைகளைக் கருக்கி உதிர்க்கிறது. அமேசானில் ஹென்றி ஃபோர்டு அமைத்த பெருந்தோட்டங்களின் தோல்விக்கு அந்நோயும் ஒரு காரணம். ஆசியாவின் மரங்களோ பெரும்பாலும் விக்கம் கொண்டுவந்த விதைகளின் வழித்தோன்றல்கள், நெருங்கிய உறவுடையவை. ஒரு மரம் தாங்காத நோயை மற்ற மரங்களும் தாங்கமாட்டா. ஒரு நாட்டுக்குள் அது நுழைந்தால் அண்டை நாடுகளும் தப்பா. ஆகவே, ரிட்லி மறைந்த அதே 1956-இல் நடப்புக்கு வந்த தென்கிழக்காசிய, பசிபிக் வட்டாரத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில், இந்நோயைத் தடுப்பதற்கெனத் தனி விதிகள் சேர்க்கப்பட்டன.

காவல் மட்டும் போதாது. புதிய மர வகைகளும் தேவைப்பட்டன. 1981-இல் இரப்பர் விளைவிக்கும் பல நாடுகளின் ஆய்வாளர்கள், பிரேசில் அரசின் இணக்கத்தோடு அமேசான் காடுகளில் 60,000-க்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டினர். இம்முறை அவற்றுள் பாதி பிரேசிலிலேயே தங்கின. மற்றப் பாதியில் பெரும்பங்கு மலேசியாவுக்கும் எஞ்சியது ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டுக்கும் சென்றன. அங்கிருந்து பிற உறுப்பு நாடுகளும் பெறலாம் என்பது ஏற்பாடு. நெல்மணிகளைப் போல உலர்த்திக் குளிர் அறையில் இவ்விதைகளைச் சேமிக்க முடியாது. அதனால், மலேசியாவுக்கு வந்தவை மண்ணில் ஊன்றப்பட்டு மரங்களாகவே வளர்க்கப்பட்டன.