நடக்கச் சொல்லித் தந்த கடற்படைக்காரர்

போன சந்திப்பில் மதியச் சாப்பாட்டைத் தரையில் இலை போட்டுப் பந்தியாகப் பரிமாறினார்கள், ஞாபகம் இருக்கிறதா? பாதிப் பேர் இலையைப் பார்த்ததுமே நாற்காலி கேட்டோம். துணிந்து உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கப் பக்கத்து ஆளின் தோளைத் தேடினார்கள். அந்தக் காலத்தில் கல்லூரி டீமில் ஆடி கோப்பை வாங்கியவர்களும் அதில் அடக்கம். முப்பது வருஷம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவன் நான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, இந்த விஷயத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே உரக்கச் சொன்ன ஒரு மனிதரைப் பற்றி எழுதலாமென்று தோன்றியது. அவர் பெயர் ஜார்ஜ் எபேர்.

எபேர் 1875 ஏப்ரல் 27 அன்று பாரிஸில் பிறந்தார். பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து அதிகாரியானார். கப்பல் வாழ்க்கை அவரை உலகம் முழுக்கச் சுற்ற வைத்தது. போன இடங்களில் எல்லாம் மனிதர்கள் உடம்பை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனிப்பது அவர் வழக்கம். மரம் ஏறுகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், காட்டில் ஓடுகிறவர்கள் யாருக்கும் உடற்பயிற்சி ஆசிரியர் கிடையாது. இருந்தும் அவர்களுடைய உடல் வலிமையும் வளைவும் அவரை அசத்தின. காலனி ஆண்ட நாட்டு அதிகாரியின் பார்வையில் கொஞ்சம் கற்பனை மெருகும் ஏறியிருக்கும்தான். ஆனாலும் அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் சரியானதே.

1902 மே 8. கரீபியக் கடலில் மார்த்தினீக் தீவில் பெலே எரிமலை வெடித்தது. சுடுபுகையும் சாம்பலும் மலையிலிருந்து இறங்கி, சேன் பியேர் என்ற நகரத்தைச் சில நிமிடங்களில் அழித்தன. சுமார் 28,000 பேர் இறந்தார்கள். அப்போது எபேர் அங்கே பணியில் இருந்தார். வயது 27. அந்தப் பேரழிவின்போது ஏறத்தாழ 700 பேரைத் தப்புவிக்கும் வேலையை ஒருங்கிணைத்தவர் அவரே. உடல் பலம் மட்டும் இருந்தால் போதாது, தைரியமும் அடுத்தவருக்கு உதவும் மனசும் அதோடு சேர வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் அங்கேதான் உறுதிப்பட்டது. பிற்பாடு அவர் தன் முறைக்கே அதை முழக்கமாக வைத்துக்கொண்டார்: பயன்பட வேண்டும், அதற்காக வலிமை வேண்டும்.

பிரான்ஸ் திரும்பியவர் லோரியானில் கடற்படைத் துப்பாக்கி வீரர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பை ஏற்றார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் சுவீடன் முறை. பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-ல் ஸ்டாக்ஹோமில் நிறுவனம் தொடங்கிப் பரப்பியது அது. வரிசையாக நில், கையைத் தூக்கு, பக்கவாட்டில் சாய், அப்படியே நிறுத்து. நாம் பள்ளியில் வெயிலில் நின்று செய்த டிரில் அதற்குத் தூரத்துச் சொந்தம்தான். எபேருக்கு அது ஒத்துவரவில்லை. தண்ணீரில் விழுந்தவனைக் காப்பாற்ற நீந்தணும், தீப்பிடித்த வீட்டில் ஏறணும், காயம்பட்டவனைத் தூக்கணும். நின்ற இடத்தில் கையைத் தூக்கி இறக்கினால் இதெல்லாம் எப்படி வரும்?

அதனால் மனித அசைவுகளைப் பத்து இனங்களாகப் பிரித்தார். நடத்தல், ஓடுதல், தாண்டுதல், நாலு காலில் நகர்தல், ஏறுதல், சமநிலை காத்தல், எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல். இவ்வளவுதான். இதையே இன்றைய உடற்கல்விப் பாடத்தில் அடிப்படை அசைவுத் திறன்கள் என்று வேறு வேறு தலைப்பில் படிக்கிறோம். இதற்கு அவர் வைத்த பெயர் இயற்கை முறை.

வகுப்பு நடந்த விதத்தைச் சொன்னால்தான் விஷயம் புரியும். ஒருவர் செய்ய, நாற்பது பேர் வரிசையில் காத்திருக்கிற கதையே அங்கில்லை. நீளமான மைதானத்தில் திறமைக்கேற்ப குழுவாகப் பிரித்து, அலை அலையாக இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அனுப்புவார். ஒரு முறை ஓட்டம், அடுத்த முறை தவழ்தல், பிறகு தாண்டல், பிறகு ஒருவரை ஒருவர் சுமந்து செல்லல். திரும்பி நடந்து வருவதே ஓய்வு. கடினமானதற்குப் பின் இலேசானது வரும். வேகமானவன் மெதுவானவனுக்காக நிற்க வேண்டாம், மெதுவானவன் கேலிக்கு ஆளாகவும் வேண்டாம். மைதானம் இல்லையா, காட்டு வழியே போதும். மரக்கிளை, பாறை, ஓடை எல்லாமே சாதனங்கள். கருவி வாங்கப் பணம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிய என் போன்ற ஆசிரியர்கள் இந்த இடத்தில் தலை குனிய வேண்டியதுதான்.

அளவுகோலும் வைத்திருந்தார். ஓட்டம், நின்று தாண்டல், ஓடித் தாண்டல், கயிறு ஏறுதல், 40 கிலோ எடை தூக்குதல், குண்டு எறிதல், நீச்சல், நீருக்கடியில் மூச்சடக்குதல் என்று 12 சோதனைகள். ஒன்றில் கொடிகட்டிப் பறந்து மற்றதில் ஒன்றுமில்லாதவனைவிட எல்லாவற்றிலும் சுமாராக இருப்பவனே அவர் கணக்கில் மேல்.

1913-ல் ரேம்ஸ் நகரில், போமெரி ஷாம்பெயின் நிறுவனத்தைச் சேர்ந்த பொலின்யாக் கோமகன் கொடுத்த பணத்தில், விளையாட்டு வீரர் கல்லூரி ஒன்று எழுந்தது. பயிற்சிப் பொறுப்பு எபேருக்கு. அது ஒரு வருஷம்கூட நிம்மதியாக நடக்கவில்லை. 1914-ல் முதல் உலகப் போர் வந்தது. குண்டுவீச்சில் கல்லூரி நாசமானது. தன் வீரர்களோடு போர்முனைக்குப் போன எபேர் பெல்ஜியத்தில் டிக்ஸ்முய்ட் அருகே காயமடைந்தார்.

போருக்குப் பிறகு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயிற்சி தர டோவில் கடற்கரையில் பலஸ்திரா என்ற நிலையத்தை அமைத்தார். இடுப்பை இறுக்கிக் கட்டும் கோர்செட் உடைக்கு எதிராகப் பேசினார். பெண்களும் ஓடலாம், ஏறலாம், எறியலாம் என்று 1919-ல் புத்தகமே போட்டார். நம் கல்லூரித் தோழிகள் எத்தனை பேர் விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டோம் என்பதை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது என்று ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். நியாயம்தானே.

1925-ல் அவர் எழுதிய புத்தகம் பெரிய சண்டையைக் கிளப்பியது. விளையாட்டுப் போட்டி உடற்கல்விக்கு எதிரி என்பது அதன் சாரம். சாதனை, பந்தயம், வேடிக்கை பார்க்கும் கூட்டம், இதெல்லாம் சேர்ந்து மிச்சப் பேரை மறக்கடிக்கிறது என்றார். இதில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. பந்தைத் துரத்தும் சந்தோஷத்துக்கு ஈடு எது? ஆனால் நம் கல்லூரியிலேயே பாருங்கள். பதினோரு பேர் ஆடினோம், கேலரியில் எண்ணூறு பேர் கைதட்டினோம். அந்த எண்ணூறு பேருக்கு நாலு வருஷத்தில் யார் என்ன சொல்லித் தந்தார்கள்? வருகைப் பதிவில் ஒரு டிக். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு சேதி. சுவர் தாண்டி, மாடிப்படிக் கைப்பிடி தாண்டி ஓடும் பார்க்கூர் நீங்கள் சினிமாவில் பார்த்து விசிலடிப்பது. அதன் வேர் எபேரிடம்தான் போய் நிற்கிறது. அவர் முறையிலிருந்து பிரெஞ்சு ராணுவத்தின் தடை தாண்டும் பயிற்சி வளர்ந்தது. வியட்நாமில் அந்தப் பயிற்சியில் வளர்ந்த ரேமோன் பெல் பின்னால் பாரிஸ் தீயணைப்பு வீரரானார். அவர் மகன் டேவிட் பெல் அதைப் பார்க்கூர் ஆக்கினார். தாத்தா வைத்த நோக்கத்தை மட்டும் பேரன்கள் வழியில் விட்டுவிடாமல் இருந்தால் சரி.

1955-ல் பிரெஞ்சு அரசு எபேருக்கு லெஜியன் தோனர் விருதில் கமாண்டர் தகுதி அளித்தது. கடைசிக் காலத்தில் பக்கவாதம் போல் உடம்பு முழுக்கச் செயலிழந்தது. பேச்சு போயிற்று, எழுத்து போயிற்று, நடையும் போயிற்று. எண்பது தாண்டிய அந்தக் கிழவர் விடவில்லை. பேசவும் எழுதவும் மறுபடி கற்றுக்கொண்டார். நடக்கவும் கற்றுக்கொண்டார். கூட இருந்தவர்கள் வியந்து பார்த்தார்கள். 1957 ஆகஸ்ட் 2 அன்று, நார்மண்டியில் டோவிலுக்குப் பக்கத்து ஊரான தூர்ழெவிலில் அவர் காலமானார். வயது 82.