கோணம் அளந்த மாணவர்
திருச்செங்கோட்டில் பிளஸ் டூ பிள்ளைகள் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கிறார்கள். கணக்கு வந்ததும் நோட்டை மூடிவிடுவார்கள். சர். சி. வி. ராமன் மூடவில்லை!

சென்னை மாநிலக் கல்லூரியில் இதே சோதனையைச் செய்தார். முப்பட்டகத்தில் சாய்வாகப் பட்டுத் திரும்பிய ஒளியில் கோடு கோடாகப் பட்டைகள் தெரிந்தன. ஒரு பக்கம் போல மறுபக்கம் இல்லை. ஏன்? விடாமல் துருவினார். 1906-ல் லண்டன் பத்திரிகையில் கட்டுரை வெளிவந்தது. வயது 18தான்!

பிறகு நிதித் துறை உத்தியோகம், கை நிறையச் சம்பளம். கல்கத்தாவில் ஆபீஸ் நேரம் போக மிச்சமெல்லாம் ஆய்வுக்கூடத்தில். 1917-ல் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார். மிருதங்கத்தின் நடுவிலுள்ள கரிய சாந்து அதன் அதிர்வுகளைச் சுருதி சேர்க்கும் விதத்தையும் ஆராய்ந்தார்.

1928-ல் ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு.