பறவையியல் அறிஞர் ஹியூம்

இந்தியத் தேசியக் காங்கிரசு தோன்றக் காரணராய் இருந்தவருள் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் ஒருவர் என்பதை யாவரும் அறிவர். அவரே இந்நாட்டுப் பறவைகளை முறையாக ஆராய்ந்த பேரறிஞர் என்பதைச் சிலரே அறிவர்.

ஹியூம் 1829ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். 1849ஆம் ஆண்டில் அரசுப் பணியேற்று இந்தியா வந்து, யமுனைக் கரையிலுள்ள இட்டாவாவில் அலுவல் புரிந்தார். ஓய்ந்த வேளைகளில் பறவைகளைத் தேடிச் சேகரித்தார். அம்முதல் தொகுப்பு 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் அழிந்தது. எனினும் அவர் மனந்தளராது மீண்டும் தொடங்கினார்.

பின்னர் அரசின் செயலாளராய் உயர்ந்த ஹியூம், இமயமலையிலுள்ள சிம்லாவில் வாழ்ந்தார். தேவதாருவும் பைனும் அடர்ந்த ஜாக்கோ குன்றின்மீது அவருடைய மாளிகை இருந்தது. அதன் ஒரு பகுதியே பறவைக் காட்சிசாலையாயிற்று. 1872ஆம் ஆண்டில் பறவைகளுக்கெனத் தனி இதழொன்றைத் தொடங்கினார். நாடெங்கும் வாழ்ந்த ஆர்வலர் அவருக்குச் செய்திகள் அனுப்பினர். நம் நீலகிரியின் கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் அம்மையாரும் அவருள் ஒருவர்.

1881ஆம் ஆண்டில் ஹியூம் மணிப்பூருக்குச் சென்றார். மலைகள் சூழ்ந்து, லோக்தாக் என்னும் பேரேரியைத் தன்னகத்தே கொண்ட நாடு அது. அங்கு அறிவியல் உலகம் அதுவரை அறியாத வண்ணக்கோழி ஒன்றைக் கண்டறிந்து, அதற்குத் தம் மனைவியார் பெயரைச் சூட்டினார். அப்பறவையே இன்று மணிப்பூரின் மாநிலப் பறவை.

இவ்வாறு பல்லாண்டு தொகுத்த குறிப்புகளைக் கொண்டு இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று இயற்ற அவர் எண்ணியிருந்தார். ஆனால், வெளியூர் சென்று திரும்பிய ஒரு நாள், அக்குறிப்புகளுள் பெரும்பகுதியைக் காணவில்லை. பணியாள் ஒருவன் அவற்றைப் பழைய காகிதமாக விற்றுவிட்டான்! இம்முறை இழந்ததை மீண்டும் திரட்ட இயலாது என ஹியூம் உணர்ந்தார். எனினும், எஞ்சியவற்றைப் பூட்டி வைத்து வருந்தவில்லை. 1885ஆம் ஆண்டில் 82,000 பறவை மாதிரிகளையும் பிரிட்டிஷ் காட்சிசாலைக்கு நன்கொடையாக அளித்தார். தேவதாரு மரத்தால் செய்த 47 பெட்டிகளில் அவை மலையிறங்கி, கடல் கடந்து சென்றன. எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு, பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றிய அவரது நூலை ஓட்ஸ் என்னும் அறிஞர் திருத்தி வெளியிட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் பம்பாயில் 72 பேராளர் கூடிய முதற் காங்கிரசு மாநாடு நடைபெற்றது. ஹியூமின் உழைப்பு நாட்டுப் பணியில் திரும்பியது.

அக்காலத்தார் பறவைகளைச் சுட்டு வீழ்த்தியே ஆராய்ந்தனர். பிற்காலத்தில் ஹியூம் புலால் உண்பதைத் துறந்து, உயிர்க்கொலையையும் வெறுத்தார். இன்று தொலைநோக்கியால் பறவைகளைக் கண்டு மகிழ்வோர்க்கு, அவர் தொகுத்த அறிவு துணைநிற்கின்றது. 1912ஆம் ஆண்டில் அவர் லண்டனில் மறைந்தார்.

உழைப்பின் பயனைத் தாமே துய்க்க இயலாதபோது, அதனைப் பிறர்க்கு உரியதாக்குவதே சான்றோர் இயல்பு. ஹியூமின் வாழ்வு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.