குறையொன்றும் காணாத நெஞ்சம்

ஓசூர் என்றவுடன் இன்றைய மாணவர் உள்ளத்தில் எழுவன சிப்காட் தொழிற்பேட்டையும், அசோக் லேலண்டும், டைட்டன் கடிகாரமும், ஷிப்டு முடிந்ததும் சாலையை நிறைக்கும் பேருந்துகளுமே. அந்த ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். ஊர் முன்சீபின் மைந்தர். ஓசூர்ப் பள்ளியிலும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் கற்று, சென்னையில் சட்டம் பயின்று, 1900இல் சேலத்தில் வழக்கறிஞரானார். அவர் வகித்த பதவிகளைப் பாடநூல்கள் நிரல்படக் கூறும். அவர் இழந்தவற்றை அவை அத்துணை விரிவாகக் கூறுவதில்லை.

தொழிலில் புகழும் பொருளும் பெருகிய பருவத்திலேயே முதல் அடி விழுந்தது. அவர் நாற்பது வயதை எட்டுமுன் துணைவியார் அலமேலு மங்கம்மாள் மறைந்தார். கையில் ஐந்து மக்கள். மறுமணம் இயல்பாகக் கருதப்பட்ட அக்காலத்தில் அவர் அதனை நாடவில்லை. துயரத்தை முன்னிட்டு உலகை வெறுத்து ஒதுங்கவும் இல்லை. சேலம் நகராட்சித் தலைவராகி ஊர்ப்பணியில் இறங்கினார். பின்னர்க் காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, பொருள் ஈட்டித் தந்த வழக்கறிஞர் தொழிலையும் துறந்தார்.

1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை அவரை ஏற்றுக்கொண்டது. மூன்று திங்கள் தண்டனை. ஆஸ்துமா நோய் வாழ்நாள் முழுதும் அவரை வாட்டியது. சிறையின் இரவுகளில் அதன் கொடுமை இன்னும் மிகுந்திருக்கும். ஆயினும் அச்சிறையை அவர் தவச்சாலையாகவே கொண்டார். அங்கு எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது. விடுதலைக்குப் பின், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவி, வறண்ட நிலத்து ஏழைகளுக்கு இராட்டையின் வழியே கூலி கிடைக்கச் செய்தார்.

ஈண்டு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இறைநம்பிக்கை உடையோருக்குத் துன்பமே வாராது என்று எந்தச் சமயமும் உறுதி கூறவில்லை. செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்தும் இறைவனை மறவாத ஐயூப் நபியின் வரலாற்றை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். நாம் ஸப்ர் என்று போற்றும் பொறுமையும், வைணவராகிய இராஜாஜி சரணாகதி என்று போற்றிய நெறியும் ஒன்றே என்று சொல்லத் துணியேன். எனினும் "எனக்கு ஏன் இது?" என்று இறைவனிடம் கணக்குக் கேளாத பண்பு இரண்டிற்கும் பொது.

இழப்புகள் பின்னரும் தொடர்ந்தன. மகள் நாமகிரி கணவரை இழந்து தந்தையுடனேயே வாழ்ந்தார். 1942இல் முஸ்லிம் லீக்கின் கோரிக்கையை ஏற்றுப் பேச்சு நடத்தவேண்டும் என்று வாதிட்டதால், வாழ்நாள் தோழர்கள் விலகினர். பம்பாய்க் கூட்டத்தில் அவர்மீது தார் வீசப்பட்டது. தாம் வளர்த்த காங்கிரசைவிட்டே வெளியேறினார். 1948 ஜனவரி 30இல் தலைவரும் சம்பந்தியுமாகிய காந்தியடிகளை இழந்தார். அவ்வேளை அவர் கல்கத்தாவில் மேற்கு வங்க ஆளுநர். அடுத்த ஆறு திங்களுக்குள் நாட்டின் தலைமை ஆளுநர் பொறுப்பு வந்தது; ஆறுதலாகச் சாய்ந்துகொள்ள இருந்த தோள் இல்லை. உடனிருந்து உழைத்த எழுத்தாளர் கல்கி 1954இல் மறைந்தார். இளைய மகள் இலட்சுமியின் கணவர் தேவதாஸ் காந்தியும் 1957இல் காலமானார். முதியவர் இருக்க இளையவர் மறையும் துயரம் பேசித் தீர்வதன்று.

அவருடைய அரசியல் முடிவுகள் அனைத்தும் சரி என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. 1953இல் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை இக்கட்டுரையாளரும் ஏற்பதற்கில்லை. ஆனால் துயருற்ற நெஞ்சம் எதை நாடியது என்பதற்கு அவர் நூல்களே சான்று. 'வியாசர் விருந்து' மகாபாரதத்தைத் தமிழ் இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தது. 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கீதையும் உபநிடதமும் மட்டுமல்லாமல், சாக்ரடீசையும் ரோமாபுரிப் பேரரசர் மார்க்கஸ் அரேலியசையும் தமிழில் தந்தார். பிள்ளைகள் பலரைப் பறிகொடுத்தும் அமைதி தேடிய அப்பேரரசரை அவர் தேர்ந்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

நம்பிக்கை அவரைத் தம் துயரத்துள் அடைக்கவும் இல்லை. 1962இல், எண்பத்து மூன்று வயதில், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு அமெரிக்கா சென்று கென்னடியிடம் வேண்டினார். 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடுவதற்கென, மாந்தர் பிழைகளை இறைவன் பொறுத்தருள வேண்டி ஆங்கிலத்தில் ஒரு பாடல் இயற்றினார். 'குறை ஒன்றும் இல்லை' என்னும் தமிழ்ப் பாடலும் அவருடைய முதுமையின் படைப்பே. அதனை இசையரங்கில் கேட்டு உருகுவோர் பலர். குறையே அறியாதவர் எழுதியிருந்தால் அது வெறும் இனிய பாட்டு. மனைவியை, மருமக்களை, தோழரை, தலைவரை மண்ணுலகில் பிரிந்தவர் எழுதியது அது.

1972 டிசம்பரில் தொண்ணூற்று நான்கு வயது நிறைந்தது. அத்திங்கள் 25ஆம் நாள் சென்னையில் அவர் உயிர் நீத்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த எளிய வீடு அரசின் நினைவில்லமாக உள்ளது. ஓசூரிலிருந்து சிறிது தொலைவுதான். மாணவர்கள் ஒருநாள் சென்று காணலாம்.