காலரா விஷத்தைக் கண்ட டாக்டர் சம்புநாத் தே

பாலிகஞ்சில் இரயிலேறிச் சியால்தாவில் இறங்கும் கரியாஹாட் தமிழன்பர்கள், நிலையத்தருகே நீலரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியை நாள்தோறும் காண்கின்றனர். அங்குப் பணியாற்றிய டாக்டர் சம்புநாத் தே அவர்களின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகின்றோம்.

1915 பிப்ரவரி முதல் நாள் ஹுக்ளி மாவட்டத்துக் கிராமமொன்றில் எளிய குடும்பத்தில் பிறந்தார். உபகாரச் சம்பளம் பெற்றுப் பயின்று, 1939இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்; 1949இல் இலண்டனில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றுத் தாயகம் மீண்டார்.

ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1884இல் இந்நகரில்தான் காலராக் கிருமியை உறுதி செய்தார். அது விஷம் கக்குவதாலேயே நோயாளி மடிகிறான் என்றும் கருதினார். ஆயின் எழுபத்தைந்து ஆண்டுகள் அவ்விஷம் எவர் கைக்கும் அகப்படவில்லை. நோய் குடலில் நிகழ்வதால் குடலிலேயே தேடினார் தே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுட் கிருமியைச் செலுத்தினார்; மறுநாள் அப்பகுதி நீர் நிறைந்து புடைத்திருந்தது. இது 1953இல். பின்னர், கிருமிகளை வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் புடைத்தது. விஷம் பிடிபட்டது! 1959இல் 'நேச்சர்' இதழ் அதனை வெளியிட்டது.

ஒரே பெயர் பூண்ட கிருமிகள் யாவும் ஒன்றல்ல என்பதையும் இம்முறை காட்டிற்று. நம் குடலில் சாதுவாக வாழும் ஈ. கோலை இனத்திலேயே, கடும் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் எடுத்த சில கிருமிகள் முயலின் குடலைப் புடைக்கச் செய்தன என 1956இல் கண்டார். (மூட்டையைப் பிரித்துப் பாராது, சீட்டிலுள்ள பெயரை மட்டும் நம்பும் குமாஸ்தாவின் கதியை நாம் அறிவோம்.)

அக்காலத்தில் மரபணுவைப் படிப்போர் இலர். காலராக் கிருமி விஷ மரபணுவைத் தன்னுட் புகும் ஒரு வைரஸிடமிருந்து பெறுகின்றதென 1996இல்தான் தெரிந்தது; அது புகாத கிருமியிடம் அவ்விஷமில்லை. ஆராய்ச்சிச் சாலைகள் மாதிரியாகப் போற்றும் 'என் 16961' என்னும் வங்கதேசக் கிருமியின் நாற்பது இலட்சம் மரபெழுத்துக்களும் 2000இல் படிக்கப்பெற்றன. அம்மாதிரியிலேயே, தன் கூட்டம் பெருகியதை அறிந்து நடக்க உதவும் மரபணு ஒன்று பழுதுற்றிருக்கின்றது! மாதிரியும் மாறுபடுவதே.

1973இல் ஓய்வு பெற்றார். நோபல் அறிஞர் லெடர்பெர்க் அவர் பெயரை நோபல் பரிசுக்கு முன்மொழிந்தார்; 1978இல் நோபல் கருத்தரங்கிற்கும் அழைக்கப்பெற்றார். நம் நாட்டு அறிவியற் கழகங்களோ அவரை உறுப்பினராக்கவில்லை. இதனை வருத்தத்துடனேயே எழுதுகின்றோம். 1985 ஏப்ரல் 15ஆம் நாள் மறைந்தார். ஐந்தாண்டு கழித்து, பெங்களூரின் 'கரண்ட் சயன்ஸ்' அவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது.