மாஸ்டர் மஷாய்

தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காக வீட்டில் திட்டு வாங்கியவர்கள் உங்களில் யாராவது உண்டா? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்! இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவரும் தேர்வில் தோற்றவர்தான். அதுவும் ஒருமுறை அல்ல.

அவர் பெயர் நந்தலால் போஸ். 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி பீகாரில் முங்கேர் பக்கத்தில் உள்ள கரக்பூர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா தர்பங்கா சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். அம்மா பொம்மைகள் செய்வதில் கைதேர்ந்தவர். ஊரில் குயவர்கள் களிமண்ணைப் பிசைந்து சாமி உருவங்கள் செய்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது சிறுவன் நந்தலாலுக்கு வழக்கம். பூஜைப் பந்தல் அலங்காரம் என்றால் முதல் ஆளாக நிற்பான்.

பதினைந்து வயதில் படிக்கக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பள்ளிப் படிப்பு ஒருவழியாக முடிந்தது. கல்லூரியில்தான் சிக்கல். தேர்வில் தோல்வி. வேறு கல்லூரியில் சேர்ந்தார்; மறுபடியும் தோல்வி. இதற்கிடையே 1903-இல் சுதிராதேவியுடன் திருமணமும் நடந்துவிட்டது. குடும்பம் வந்துவிட்டதே, வணிகப் படிப்பாவது படிக்கட்டும் என்று பெரியவர்கள் சேர்த்துவிட்டார்கள். அதுவும் தேறவில்லை. கடைசியில், தனக்கு ஓவியம்தான் வரும் என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் படம் வரைந்து பிழைக்கலாம் என்று யாரும் நம்பியதில்லை. இருந்தாலும் எப்படியோ வீட்டாரைச் சம்மதிக்க வைத்துவிட்டார்.

கல்கத்தா ஓவியப் பள்ளியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் அவனீந்திரநாத் தாகூர். கவி ரவீந்திரநாத் தாகூரின் உறவினர். இந்த ஆசிரியரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். பார்வதி தவம் செய்வதுபோல் நந்தலால் ஒரு படம் வரைந்தார். அதைப் பார்த்த ஆசிரியர், மிகவும் எளிமையாக இருக்கிறதே, கொஞ்சம் அலங்காரம் சேர்க்கலாமே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. தவம் செய்கிற பெண்ணுக்கு அலங்காரம் எதற்கு? விடிந்ததும் விடியாததுமாக மாணவனைத் தேடி ஓடினார். நல்லவேளை! நந்தலால் அப்போதுதான் படத்தைத் திருத்தத் தயாராகிக்கொண்டிருந்தார். தடுத்துவிட்டார். மாணவனிடம் தம் தவற்றை ஒப்புக்கொள்ள ஓடோடி வந்த இந்த ஆசிரியரை எனக்கு மிகவும் பிடிக்கும். நானும் பல ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவன். அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

சிவனையும் சதியையும் வரைந்த ஓவியத்துக்கு நந்தலாலுக்கு 500 ரூபாய் பரிசு கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் அது பெரிய தொகை. அந்தப் பணத்தில் ஊர் ஊராகச் சென்று பழைய கோயில்களையும் சிற்பங்களையும் பார்த்தார். அதன்பின் 1909-10 குளிர்காலத்தில் அஜந்தா குகைகளுக்குப் போய், அங்குள்ள பழைய சுவரோவியங்களைப் பிரதி எடுக்கும் குழுவில் வேலை செய்தார். கல்லூரியில் கிடைக்காத படிப்பு அங்கே கிடைத்தது.

ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் கலா பவனம் என்ற ஓவியப் பள்ளியை 1919-இல் தொடங்கினார். கல்கத்தாவிலிருந்து வெகு தூரம். அப்போது அது செம்மண் பொட்டலும் சில குடிசைகளும் கொண்ட இடம். நந்தலாலை அங்கே வரச் சொன்னார் கவி. கல்கத்தாவிலேயே இரு என்றார் குரு. இரண்டு பக்கமும் இழுபறி! போனார், திரும்பினார், 1920-இல் நிரந்தரமாகப் போய்விட்டார். 1922-இல் அதன் தலைவரானார். 1951-இல் ஓய்வு பெறும்வரை அந்த ஊர்தான் அவருக்கு எல்லாம்.

மாணவர்கள் அவரை 'மாஸ்டர் மஷாய்' என்று அழைத்தார்கள். 'ஆசிரியர் ஐயா' என்று பொருள். வகுப்பறையில் அடைத்துவைக்க மாட்டார். மரத்தையும் மாட்டையும் சந்தைக்குப் போகிறவர்களையும் பார்த்து வரையச் சொல்வார். நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அஞ்சலட்டையில் சின்னப் படம் வரைந்து அனுப்புவார். ஊர்த் திருவிழா என்றால் பெண்களோடு சேர்ந்து தரையில் கோலமிடும் வேலையிலும் இறங்கிவிடுவார். ஸ்ரீநிகேதனில் நடந்த ஏர் உழும் விழாவை அங்கேயே சுவரில் ஓவியமாக்கினார்.

அவரும் தவறு செய்திருக்கிறார். வினோத் பிஹாரி முகர்ஜி என்ற சிறுவன் சேர வந்தபோது அவனுக்குப் பார்வை மிகவும் குறைவு. கண் தெரியாதவன் எப்படி வரைவான் என்று நந்தலால் தயங்கினார். தாகூர்தான் இருக்கட்டும் என்றார். அந்த மாணவர் பின்னாளில் பெரிய ஓவியரானார். பார்வை முழுவதும் போனபிறகும் சுவரோவியம் செய்தார்! சிற்பி ராம்கிங்கர் பெய்ஜ், சினிமா இயக்குநர் சத்யஜித் ராய் இவர்களும் மாஸ்டர் மஷாயிடம் படித்தவர்களே.

1930-இல் காந்தியடிகள் உப்பு எடுக்கத் தண்டிக்கு நடந்தார் அல்லவா? கையில் தடியுடன் அவர் நடந்துபோகும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். லினோலியத்தில் செதுக்கி அச்சிட்ட அந்தப் படம் நந்தலால் செய்தது. அதே ஆண்டில்தான் தாகூரின் 'சகஜ் பாட்' என்ற வங்காள அரிச்சுவடிக்கும் படங்கள் போட்டார். இன்றும் வங்காளக் குழந்தைகள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எழுத்துப் படிக்கிறார்கள்.

1936 டிசம்பரில் மகாராஷ்டிரத்தில் பைஸ்பூர் என்ற கிராமத்தில் காங்கிரஸ் மாநாடு. பந்தல், வளைவு எல்லாம் அமைக்க நந்தலாலைக் கூப்பிட்டார் காந்தியடிகள். தாம் கட்டடக்காரர் இல்லையே என்று இவருக்குப் பயம். காந்தியடிகள் விடவில்லை. மூங்கில், வைக்கோல் போன்ற கிராமத்துப் பொருள்களைக் கொண்டே எல்லாவற்றையும் செய்து முடித்தார்.

அடுத்தது 1938-இல் குஜராத்தின் ஹரிபுரா. ஏழை எளியவர்கள் நடந்து போகும்போதே பார்க்கும்படி ஓவியங்கள் வேண்டும். கையால் செய்த காகிதத்தை அட்டையில் ஒட்டி, மண் வண்ணங்களால் மளமளவென்று வரைந்தார். தச்சர், தையல்காரர், மேளம் அடிப்பவர், தானியம் அரைக்கும் பெண் என 80-க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றைப் பார்த்து மாணவர்கள் பிரதி எடுக்க, மொத்தம் 400 அளவில் ஆயிற்று. தங்களையே படத்தில் பார்த்த கிராமத்து மக்களுக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

நாடு விடுதலை பெற்றதும் அரசியல் சட்டப் புத்தகத்தை அழகுபடுத்தும் பொறுப்பும் அவருக்கே வந்தது. பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா என்பவர் முழுவதையும் கையால் எழுதினார். நந்தலாலும் மாணவர்களும் பக்கங்களுக்கு ஓவியம் தீட்டினார்கள். நான்கு சிங்கச் சின்னத்தை வரையவேண்டிய இளம் மாணவரை, உயிருள்ள சிங்கத்தைப் பார்த்து வா என்று கல்கத்தா மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பினார் மாஸ்டர் மஷாய். அந்த மாணவர் பலமுறை போய்ப் பார்த்து வந்துதான் வரைந்தார்.

1954-இல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. முதுமையிலும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 1966 ஏப்ரல் 16-இல் தமது 83-ஆவது வயதில் கல்கத்தாவில் காலமானார். டெல்லியில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் மட்டும் அவருடைய படைப்புகள் ஏறத்தாழ 7 ஆயிரம் இருக்கின்றன.

அரசியல் சட்டப் புத்தகத்தின் படங்களில் நம் ஊர்க் காட்சிகளும் உண்டு தெரியுமா? ஒரு பகுதியின் தொடக்கத்தில் நடராஜர் இருக்கிறார். இன்னொன்றில், மாமல்லபுரத்துப் பாறையில் யானைகளோடு செதுக்கியிருக்கிறதே, அந்தத் தவக் காட்சி இருக்கிறது. அடுத்த முறை மாமல்லபுரம் சுற்றுலா போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள்.