திராட்சை வளர்த்த வள்ளல் எட்மண்ட் ராத்சைல்டு

சங்கத்தின் ஆண்டு விழா மலரில் மதுவைப் பற்றியா எழுதுவது என்று நம் மூத்தோர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிப்பதற்கு நியாயமும் உண்டு. இராஜாஜி சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சராய் இருந்த காலத்தில், 1937-ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். அடுத்த ஆண்டே அது நம் சித்தூர் மாவட்டத்தையும் வந்தடைந்தது. கள்ளுக்கடை மூடுவதில் இந்நாட்டுக்கே முன்னோடியாய் நின்ற மண்ணில் வாழ்கிறோம் என்பதை நாம் மறந்தோமல்லோம். ஆயினும் ஈண்டு நாம் சொல்லப் புகுந்தது குடித்தவர் கதையன்று. கொடி நட்டவர் கதை. பிறந்த மண்ணை விட்டு வேற்றிடம் சென்று குடியேறிய ஏழை எளியவர்க்குத் தம் பெருஞ்செல்வத்தை வாரி வழங்கிய ஒருவர், அவ்வாறு வழங்கியதனாலேயே பட்ட பாட்டையும் சொல்லும் கதை. குடியிருப்பில் வாழும் நமக்கு அது முற்றும் அயலானதாகத் தோன்றாது.

ராத்சைல்டு என்னும் பெயரைக் கேளாதார் வணிக உலகில் இலர். செருமானிய நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில், யூதர்கள் மட்டுமே அடைத்து வைக்கப்பட்டாற்போல் வாழ்ந்த ஒரு குறுகிய தெருவில் 1744-இல் பிறந்தவர் மேயர் ஆம்ஷெல் ராத்சைல்டு. செஞ்சாயம் பூசிய கேடயம் ஒன்று அக்குடும்பத்தின் பழைய வீட்டுக்கு அடையாளமாக இருந்தது. அதுவே குடும்பப் பெயராயிற்று. பழங்காசு வாங்கி விற்பதில் தொடங்கிய அவர், வட்டிக்கடை அதிபராக உயர்ந்தார். அவருடைய ஐந்து புதல்வரும் பிராங்க்பர்ட், வியன்னா, இலண்டன், நேப்பிள்ஸ், பாரிஸ் ஆகிய ஐந்து நகரங்களில் அமர்ந்து தொழில் நடத்தினர். மன்னர்கள் போர் தொடுக்கவும், அரசுகள் புகைவண்டிப் பாதை அமைக்கவும் இவர்களிடம் கடன் கேட்டு வந்தனர் என்றால் மிகையாகாது.

பாரிஸில் அமர்ந்த கடைக்குட்டி ஜேம்ஸ். அவருடைய கடைக்குட்டியே நம் கதைத் தலைவராகிய எட்மண்ட். 1845-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தார். 

இக்குடும்பத்தார் திராட்சை மதுத் தொழிலில் கால் வைத்த வரலாறு சுவையானது. முதலில் இறங்கியவர் இலண்டன் கிளையைச் சேர்ந்த நதானியேல். பிரெஞ்சு நாட்டின் தென்மேற்கே போர்தோ நகருக்கு அருகில், மூத்தோன் என்னும் திராட்சைத் தோட்டத்தை 1853-இல் ஏலத்தில் எடுத்தார். இரண்டே ஆண்டுகளில், 1855-இல், பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டிப் போர்தோப் பகுதியின் மதுக்களைத் தரம் பிரித்தார்கள். மூத்தோன் இரண்டாம் வரிசையில் வைக்கப்பட்டது. அதற்கு அண்டைத் தோட்டமாகிய லாபீட் முதல் வரிசையிலும் முதலாவதாக நின்றது. அந்த லாபீட்டை 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜேம்ஸ் ஏலத்தில் வாங்கினார். நாற்பது இலட்சம் பிராங்கிற்கும் மேற்பட்ட விலை! பாரிஸில் அவருடைய மாளிகை இருந்த தெருவின் பெயரும் லாபீட்டே. ஒலி ஒப்புமைக்காகவே தோட்டத்தை வாங்கினார் என்று வேடிக்கையாகச் சொல்வாரும் உளர். வாங்கிய தோட்டத்தின் பலனை அவர் நுகர்ந்தாரல்லர். மூன்றே திங்களில் காலமானார். அல்போன்ஸ், குஸ்தாவ், எட்மண்ட் என்னும் மூன்று மைந்தரும் உலகின் முதல்தர மதுவுக்கு உரிமையாளராயினர். எட்மண்டுக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

வங்கித் தொழிலை அண்ணன்மார் பார்த்துக்கொண்டனர். எட்மண்டின் மனம் ஓவியங்களிலும் அரிய அச்சுப் படங்களிலும் தோய்ந்திருந்தது. அவர் திரட்டிய நாற்பதாயிரத்திற்கு மேற்பட்ட படங்களும் பல்லாயிரம் கோட்டோவியங்களும் இன்று பாரிஸ் லூவர் காட்சியகத்தின் உடைமை. இத்தகைய கலைச்செல்வர் உழவர் கவலையைத் தம் கவலையாக ஏற்பார் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

1881-இல் உருசியப் பேரரசில் யூதர்கள் மீது கொடிய கலவரம் மூண்டது. வீடிழந்தவர் பெரும்பாலோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். ஒரு சிறு கூட்டத்தார் மட்டும் தம் பழம்பெரும் முன்னோர் வாழ்ந்த பாலஸ்தீனத்தை நாடினர். அது அப்போது துருக்கியரின் ஆட்சியில் இருந்தது. 1882-இல் அவர்கள் ரிஷோன் லெசியோன் என்னும் ஊரை அமைத்தனர். சீயோனுக்கு முதல்வர் என்பது அப்பெயரின் பொருள். பெயர் பெரிதாக இருந்ததேயன்றிக் குடிக்கத் தண்ணீர் இல்லை. கிணறு தோண்டினர், நீர் காணவில்லை, கையிருப்பும் கரைந்தது. கடைகண்ணி வைத்துப் பிழைத்தவர்க்கு ஏர்ப்பிடி எங்கே தெரியும்? தம்முள் ஒருவராகிய யோசேப்பு பைன்பெர்க்கை ஐரோப்பாவுக்கு உதவி வேண்டி அனுப்பினர். அதே காலத்தில் சாமுவேல் மொகிலேவர் என்னும் குருவும் பாரிஸ் வந்து எட்மண்டைக் கண்டு பேசினார்.

எட்மண்ட் இசைந்தார். கிணற்றுக்குப் பணம் கொடுத்தார். தம் பெயர் வெளியில் வரலாகாது என்பது அவர் விதித்த கட்டளை. ஆதலின் குடியேறியோர் அவரை வள்ளல் என்று மட்டுமே சுட்டினர். நாளடைவில் அது 'அறியப்பட்ட வள்ளல்' என்றாயிற்று. மறைத்த பெயரை ஊரெல்லாம் அறிந்திருந்தது என்பதை இதைவிட அழகாகச் சொல்ல இயலுமோ? பெயரை மறைத்தவர் பிடியைத் தளர்த்தவில்லை என்பதையும் நாம் உடனே சொல்லிவிட வேண்டும். தாம் அனுப்பும் வேளாண் வல்லுநர் சொற்படியே உழவு நடைபெற வேண்டும் என்பது மற்றொரு கட்டளை. ஊருக்கு ஊர் அதிகாரிகள் வந்து அமர்ந்தனர்.

எதைப் பயிரிடுவது? தானியம் கைகொடுக்கவில்லை. லாபீட்டின் பங்காளிக்குத் திராட்சை தோன்றியதில் வியப்பென்ன! பிரெஞ்சு நாட்டிலிருந்து கொடிகளும், நடுவதற்கு ஆட்களும் வந்து சேர்ந்தனர். நம் கம்பம் பள்ளத்தாக்கில் காண்பது போன்ற பந்தற்கொடியை நினைத்துவிடலாகாது. அவை இடுப்பளவு உயரத்தில் வெட்டிவிடப்படும் குறுங்கொடிகள். போர்தோவின் குளிர்ந்த காற்றில் செழித்த இனங்கள் அவ்வெப்ப நாட்டில் எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை. தென்பிரான்சின் வெயில் தாங்கும் கரிஞ்ஞான், அலிகாந்தே போன்ற இனங்களே வேரூன்றின.

பழம் விளைந்தால் போதாது. சாறு புளித்து மதுவாகும்போது தன்னிலேயே வெப்பத்தை எழுப்பும். வெளியேயும் வெயில் காய்ந்தால் நொதி செத்துப்போகும். மது காடியாக முடியும். ஆகவே ரிஷோனில் 1889-இல் தொடங்கிப் பெரும் நிலவறைகள் மண்ணுக்குள் ஆழத் தோண்டப்பட்டன. 1892-இல் ஸிக்ரோன் யாக்கோபிலும் ஒரு மதுக்கூடம் எழுந்தது. ஸிக்ரோன் யாக்கோப் என்றால் யாக்கோபின் நினைவு என்று பொருள். தந்தை ஜேம்ஸின் யூதப் பெயரைத் தனயன் அவ்வூருக்கு இட்டார்.

யூத மரபில் மது வெறும் குடிவகையன்று. ஓய்வுநாள் மாலையில் குடும்பத் தலைவர் கிண்ணத்தை ஏந்தி வாழ்த்துரைத்த பின்னரே உணவு. அம்மதுவை ஓய்வுநாள் நெறி வழுவாத யூதர் கைகளே செய்திருக்க வேண்டும். நம் நாட்டில், கொங்கணக் கரையில் பன்னெடுங்காலம் வாழ்ந்த பெனே இசுரவேலர் மது கிட்டாமையால் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் கொண்டே அச்சடங்கை நிறைவேற்றினர். ஆகவே பாலஸ்தீனத் திராட்சை மதுவுக்கு உலகெங்கும் யூத இல்லங்களில் இடம் இருக்கும் என்று வள்ளல் கணக்கிட்டதில் பிழையில்லை. அதே மரபு அவரைச் சோதிக்கவும் செய்தது. ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்தைத் தரிசாக விட வேண்டும் என்பது அவர்கள் வேதவிதி. 1888-89-இல் அவ்வாண்டு வந்தது. நட்ட இளங்கொடியை எப்படி விடுவது? நிலத்தைப் பெயரளவில் யூதரல்லாதார்க்கு விற்றதாகக் கொண்டு பயிரிடலாம் என்று உருசிய நாட்டுக் குருமார் சிலர் வழி சொன்னார்கள். எருசலேமின் குருமார் பலர் அதை ஒப்பவில்லை. உழவர் இரண்டுபட்டு நின்றனர்.

மதுவுக்குப் புட்டி வேண்டுமே என்று, 1891-அளவில் தந்தூரா என்னும் கடற்கரையூரில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றும் எழுப்பினார். மணல்தான் கண்முன் மலிந்து கிடக்கிறதே என்ற நினைப்பு. அந்த மணல் கண்ணாடிக்கு ஏற்றதன்று என்பது பின்னரே தெரிந்தது, ஆலை மூடப்பட்டது. அதை நடத்த அனுப்பப்பட்ட மெயிர் திசென்காப் என்பவர் பிற்காலத்தில் டெல் அவீவ் நகரின் முதல் நகரத்தந்தையானார். 1890-களில் வேரை உறிஞ்சிக் கொல்லும் பில்லாக்சிராப் பூச்சியும் வந்து சேர்ந்தது. பிரெஞ்சு நாட்டுத் தோட்டங்களையே பாழாக்கிய பூச்சி அது. மருந்தில்லை, அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டி மீண்டும் நட வேண்டியதாயிற்று. இதற்கும் வள்ளலின் பணப்பையே திறந்தது.

மணலும் பூச்சியும் செய்த கேட்டைக் காட்டிலும், அன்பு செய்த கேடு பெரிது என்பது நம் கருத்து. விளைந்த திராட்சை அனைத்தையும் வள்ளலின் மதுக்கூடமே வாங்கிக்கொண்டது; அதுவும் சந்தை தரக்கூடிய விலைக்கு மிகவும் மேலாக. உழவன் என்ன செய்வான்? மேலும் மேலும் திராட்சையையே நட்டான். நம் சித்தூர்ப் பக்கத்துத் தோப்புக்காரர்க்கு இது விளக்க வேண்டியதன்று. கிளிமூக்கு மாம்பழம் அளவுக்கு மீறிக் காய்த்த ஆண்டில் கூழ் ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதையும், விலை இறங்குவதையும் நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அங்கோ விலை இறங்கவேயில்லை. ஆதலின் நடுவதும் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தில் வாழ்ந்தோர் பெரும்பாலும் மதுவை விலக்கிய முஸ்லிம்கள். ஐரோப்பாவிலோ அல்ஜீரியாவின் மலிவான மது வெள்ளமாய்ப் பாய்ந்துகொண்டிருந்தது. ரிஷோன் நிலவறைகளில் விலைபோகாத மது தேங்கிற்று.

உழவர்தம் உள்ளமும் தேங்கியது. விதை முதல் மருந்து வரை அதிகாரியிடம் கேட்டுப் பெறும் வாழ்வு. கேட்டவர்க்குக் கிடைக்கும், எதிர்த்தவர்க்கு நிற்கும். 1887-இலேயே ரிஷோனில் அதிகாரிக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. வள்ளலும் அவர் துணைவியாரும் அவ்வாண்டு நேரில் சென்றனர். அவர் அதிகாரியின் பக்கமே நின்றார். வள்ளன்மையில் குறையில்லாதவர், தம்மால் வாழ்வோர் தம்மை எதிர்த்துப் பேசுவதைப் பொறுக்கமாட்டாதவராய் இருந்தார் என்பதை மறைப்பதில் பயனில்லை. பிறிதொரு கூட்டத்தாரின் துயரையும் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது. எங்கோ நகரில் வாழ்ந்த நிலக்கிழாரிடமிருந்து விலைக்கு வாங்கிய நிலங்கள் சிலவற்றில் தலைமுறையாக உழுது வந்த குடிகள் இருந்தனர். கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் வேறு. நிலம் இழந்தவர் வேறு.

1900-ஆம் ஆண்டில் எட்மண்ட் தம் குடியேற்றங்களின் நிருவாகத்தை யூதக் குடியேற்றச் சங்கத்திடம் ஒப்படைத்தார். பணம் நல்கினார்; கணக்கைப் பிறர் பார்த்தனர். உயர்த்திக் கொடுத்த விலை நின்றது. கொடிகள் ஏராளமாகப் பிடுங்கப்பட்டன. வாதுமையும் பின்னர் ஆரஞ்சும் அவ்விடத்தில் நடப்பட்டன. தம் கையால் நட்டதைத் தம் கையால் வேரோடு களையும் உழவனின் நெஞ்சம் எப்படி இருந்திருக்கும் என்பதை நிலமுடையார் அறிவர். 1906-இல் எஞ்சிய திராட்சை உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். ரிஷோன், ஸிக்ரோன் மதுக்கூடங்கள் அவர்கள் பொறுப்பில் வந்தன. அவர்தம் மது கார்மல் என்னும் பெயரில் கடல் கடந்தது. பழம் அளந்து போடுபவனே விலை பேசும் கூட்டத்திலும் அமர்ந்தான். பிற்காலத்தில் இசுரேலின் முதல் தலைமை அமைச்சரான டேவிட் பென்குரியனும் இளமையில் சில காலம் ரிஷோன் மதுக்கூடத்தில் கூலிவேலை பார்த்தவரே.

கூட்டுறவுக்கும் சோதனைகள் குறைவில்லை. 1917 புரட்சியால் உருசியச் சந்தை போயிற்று. 1920-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்து அந்த வாயிலும் குறுகியது. ஆயினும் சங்கம் கலையவில்லை.

வள்ளல் பின்னும் பன்முறை சென்று பார்த்தார். 1925-ஆம் ஆண்டுப் பயணமே கடைசி. 1934 நவம்பர் 2-ஆம் நாள் பிரெஞ்சு மண்ணில் மறைந்தார். பின்வந்த போரில் நாஜிகளின் பிடியில் பிரான்ஸ் சிக்கியபோது லாபீட்டும் மூத்தோனும் குடும்பத்தாரிடமிருந்து பறிக்கப்பட்டன; போருக்குப் பின்னரே மீண்டன. நதானியேலின் கொள்ளுப்பேரர் பிலிப் விடாது முயன்று, 1973-இல் மூத்தோனை முதல் வரிசைக்கு உயர்த்தினார். 1855-இல் பட்ட மனக்குறை தீர 118 ஆண்டுகள் ஆயின. அதே 1973-இல் நம் எட்மண்டின் பெயரையே தாங்கிய பேரர், போர்தோப் பகுதியில் கிளார்க் என்னும் சிதைந்த தோட்டத்தை வாங்கிப் புதுப்பித்தார். குடும்பத்தில் திராட்சைப் பித்து எளிதில் தீராது போலும்.

எட்மண்ட், அவர் துணைவியார் இருவர்தம் உடல்களும் 1954-இல் கப்பலேற்றிக் கொணரப்பட்டு, ஸிக்ரோன் யாக்கோபுக்கு அருகில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பெற்றன. பக்கத்து ஊரின் பெயர் பின்யாமினா. எட்மண்டின் யூதப் பெயரால் அமைந்தது. 1982-இல் இசுரேல் வெளியிட்ட 500 ஷெக்கல் தாளில் ஒருபுறம் அவருடைய உருவமும் மறுபுறம் திராட்சைக் கொத்து ஒன்றும் பொறிக்கப்பட்டன. விலைவாசி தறிகெட்டு ஏறிய காலம் அது. மூன்றே ஆண்டில் அந்நாணயமே மாற்றப்பட்டது.